கேள்விக்குறிகள் பதினெட்டு

கூட்டம் கலைந்த ஒரு மணி நேரத்தில்
லெமுவேல் திராக்ஸ்டன் வந்து
பேச்சை என் மேசைமேல் வைத்தார்.
விடிவதற்குள் முந்நூறு பிரதி வேண்டும்.
தொண்டை கட்டியிருந்தது,
முகம் மட்டும் கல்யாண வீட்டு முகம்.

நான் போகவில்லை.
நியூபோர்ட்டில் விதவைக்குக் கூட்டத்தில் இருக்கை உண்டு, வாக்கு இல்லை.
தவிர, மைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
ஆகவே அந்தப் பேச்சை நான் காதால் கேட்கவில்லை.
விரலால் கேட்டேன்,
எழுத்தெழுத்தாய், தலைகீழாய்,
ஈயத்தின் குளிர்ச்சியோடு.

விரலுக்குச் சில விஷயம் தெரியும்.
முதல் பத்தியில் எதிராளிக்கு மாலை:
எனக்கு முன் பேசிய பெரியவர் உத்தமர்,
நாட்டின்மேல் அவருக்கிருக்கும் அன்பு
எனக்குக்கூட வராது.
மாலை கழுத்தில் விழுந்ததும்
அடுத்த சொல், ஆனால்.
அதை அடுக்கும்போதே
பாவம் அந்தப் பெரியவர் என்றிருந்தது.

'நான்' இரண்டாம் பக்கத்தோடு சரி.
பிறகெல்லாம் 'நாம்'.
கதவு திறந்துவைத்த வீடு அந்தச் சொல்;
போகிறவன் வருகிறவன் எல்லாம்
உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான்.
வெளியே போகத்தான் வழி இல்லை.

துறைமுக ஜனத்துக்காக ஒரு புயல்.
பின்வரிசை விவசாயிகளுக்காக
அவசரமாக ஓர் ஏர்.
ஆண்டவர் மூன்று இடத்தில் வந்தார்,
மூன்றிலும் நம் பக்கம்.
'விலங்கு' பதினோரு தடவை.

"விலங்கு நிறைய இருக்கிறதே" என்றான் மிங்கோ.
மை ஒற்றுகிறவன்.
கணவர் விட்டுப்போன சொத்துப் பட்டியலில்
அச்சுப்பொறிக்கு அடுத்த வரி.
ஈயத்தைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகியவன்,
கண்ணாடிப் பக்கமாய்;
தாளில் நேராக வந்தால் தடுமாறுவான்.
தெரியாதவள்போல் இருந்துவந்தேன்.

"பேச்சுக்குச் சொல்வது" என்றேன்.

கடைசிப் பக்கத்தில் கேள்விக்குறி தீர்ந்தது.
பெட்டியில் இருந்ததே பதினெட்டு,
அவர் கேட்டது பத்தொன்பது.
"முற்றுப்புள்ளி போடு, யார் பார்க்கப்போகிறார்கள்"
என்றார் திராக்ஸ்டன், கோட்டை மாட்டியபடி.

மற்ற பதினெட்டும் பதில் வேண்டாதவை.
ஊரே சேர்ந்து இல்லை என்று கத்த
அளந்து இடம் விட்டு எழுதியவை.
இது ஒன்றுதான்
'இப்படி வாழச் சம்மதிப்பவன் எவன்.'
கொக்கி கழன்று
நிஜமாகவே ஒருவரின் பதிலுக்குக்
காத்திருப்பதுபோல் நின்றது.
மிங்கோவின் மை உருண்டை
அந்த வரிக்கு மேலே
ஒரு மூச்சு நேரம் தாமதித்தது.
பிறகு ஒற்றினான்.
இரவெல்லாம் ஒற்றினான்.
காயும் காட் மீன்போல்
கயிற்றில் தாள்கள் தொங்கின.

மறுநாள் மதியம்
எழுத்துகளைக் கழுவி அறைகளில் போட்டேன்.
கேள்விக்குறி பதினேழு.
தரையைக் கூட்டினேன்.
மேசைக்கடியில் தடவினேன்.
அப்புறம்தான் கவனித்தேன்,
மை உருண்டைகளின் தோல் கழற்றி
ஊறவைக்கப்படவில்லை என்பதை.

சாயங்காலம் திராக்ஸ்டன் வந்தார்.
"விளம்பரம் போட்டுவிடு, நானே சொல்கிறேன்."
வயது. உயரம். இடது காதில் தழும்பு.
விரல் நுனிகளில் போகாத மை.
பிடித்துத் தருபவருக்கு ஐந்து டாலர்.

அவ்வளவுதான். மூன்று வரி.
ஊரை அசைக்க ஒரு மணி நேரம் பேசியவர்.
புயல் இல்லை, ஏர் இல்லை,
ஆண்டவரைத் தொந்தரவு செய்யவில்லை.
ஒரு கேள்விகூட இல்லை.
சம்மதம் வேண்டியவர்களிடம்தான்
கேட்பார்கள் போலிருக்கிறது.

கோப்புக்கோலை எடுத்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது, என் சொத்து, என் நஷ்டம்.
வயதை அடுக்கினேன். உயரத்தை அடுக்கினேன்.
மை என்ற இடத்தில்
என் விரல் நுனிகள் கண்ணில் பட்டன.

வாசலில் திரும்பி நின்று,
மேடையின் மிச்சம் இன்னும் குரலில் இருக்க,
"நாமெல்லாம் ஒரே பக்கம்தானே, தபிதா?"
என்றார் திராக்ஸ்டன்.
பதிலுக்கு நிற்காமல் சேற்றில் இறங்கிப் போனார்.

கோலில் பாதி வரி.